க்ஷமா பிரார்த்தனை: வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஸ்லோகம் சொல்கிறோம். லலிதா ஸஹஸ்ரநாமம் முடிந்து கற்பூரம் காட்டியதும் எல்லோரும் எழுந்து நின்று 'மந்த்ரஹீனம் க்ரியாஹீனம்' சொல்வது வழக்கம். வந்த குறையையும் பிழையையும் பொறுத்துக்கொள் என்று ஸ்வாமியிடம் கேட்கிற இந்த மாதிரி ஸ்லோகங்கள்தான் க்ஷமா பிரார்த்தனை. சந்தேகங்கள் அதற்கப்புறம்தான் வரும், சுண்டலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு வாசல் திண்ணைக்கு வரும்போது. சிலர் கூட்டத்தில் கேட்பார்கள். சிலர் எல்லோரும் போனபிறகு செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று கேட்பார்கள். ஒரே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து பல தடவை கேட்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

மாமி, க்ஷமா பிரார்த்தனைன்னா எந்த ஸ்லோகம்? ஒண்ணா, நிறையவா?

நிறைய. வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். நம் பக்கத்து வீடுகளில் பூஜை முடிவில் அதிகம் கேட்பது இவை: 'மந்த்ரஹீனம் க்ரியாஹீனம் பக்திஹீனம் ஸுரேச்வர, யத்பூஜிதம் மயா தேவ பரிபூர்ணம் ததஸ்து தே'; 'ஆவாஹனம் ந ஜானாமி ந ஜானாமி விஸர்ஜனம்'; 'அபராத ஸஹஸ்ராணி'; 'அன்யதா சரணம் நாஸ்தி'. சிவ பூஜை என்றால் 'கரசரண க்ருதம் வா' கட்டாயம் இருக்கும். அம்பாளுக்குச் சொல்லும்போது ஸுரேச்வர என்பது ஸுரேச்வரி ஆகும், பெருமாளுக்கு ஜனார்தன ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இவை தவிர நீளமான ஸ்தோத்திரங்கள் உண்டு. சிவாபராத க்ஷமாபண ஸ்தோத்திரம், தேவி அபராத க்ஷமாபண ஸ்தோத்திரம் இரண்டும் தெரிந்தவை. கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் 'மந்த்ரஹீனம்' ஒன்றை மட்டும்தான் சொல்லித் தருவேன். இரண்டே வரி. ஒரு வாரத்தில் வந்துவிடும்.

'க்ஷமா' என்ற சொல்லுக்குப் பொறுமை என்று பொருள். பூமிக்கும் அதே பெயர். தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலம் என்று வள்ளுவர் பொறையுடைமையில் சொன்னாரே, அந்த எண்ணம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் தமிழில் 'மன்னிச்சுடு' என்பதைவிட 'பொறுத்துக்கோ' என்பதுதான் இதற்கு நெருக்கமான வார்த்தை.

பூஜையில எந்த இடத்துல இதைச் சொல்லணும்? ஆரம்பத்துலயா, கடைசியிலயா?

கடைசியில். நைவேத்தியம், கற்பூரம், பிரதக்ஷிணம், நமஸ்காரம் எல்லாம் ஆனபிறகு. பிரதக்ஷிணம் செய்யும்போது சொல்கிற 'யானி கானி ச பாபானி'யும் பாவத்தைப் பற்றியதுதான். அடிக்கு அடி அழியட்டும் என்கிறது. நின்று கைகூப்பிய பிறகு வருவது க்ஷமா பிரார்த்தனை.

அதற்கப்புறம் 'காயேன வாசா' சொல்லி உத்தரணியில், அதாவது பூஜைக் கரண்டியில், ஒரு சொட்டு தீர்த்தம் எடுத்துத் தாம்பாளத்தில் விடுகிறோம். செய்ததெல்லாம் உனக்கே என்று விட்டுவிடுவது. பிள்ளையார் சதுர்த்தி மாதிரி மண் பிம்பமோ கலசமோ வைத்துச் செய்த பூஜையாக இருந்தால், மறுநாள் புனர்பூஜை, அதாவது இன்னொரு தரம் சுருக்கமாகப் பூஜை, செய்து, பிம்பத்தைப் பலகையோடு ஒரு விரற்கடை வடக்கே நகர்த்துவார்கள். அதற்கு முன்னாலும் ஒரு தரம் 'ஆவாஹனம் ந ஜானாமி' சொல்லிவிடுங்கள். உன்னைக் கூப்பிடவும் தெரியவில்லை, வழியனுப்பவும் தெரியவில்லை என்று சொல்லும் ஸ்லோகம், அந்த நேரத்துக்கு அப்படியே பொருந்தும். சின்ன வயதில் அப்பா பிள்ளையாரை நகர்த்தும்போது பலகை கிறீச்சென்று சத்தம் போடும். விருந்தாளி எழுந்துகொள்கிற சத்தம் மாதிரி எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

அர்த்தம் தெரியாம சொன்னா பலன் உண்டா டீச்சர்?

மற்ற ஸ்தோத்திரங்களுக்கு எப்படியோ, இதை அர்த்தம் தெரிந்து சொல்வதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். ஒருவரிடம் பொறுத்துக்கொள் என்று கேட்கிறோம். எதற்குக் கேட்கிறோம் என்று தெரிய வேண்டாமா? ஒரு நாள் கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஆயிற்று.

'கரசரண'த்தைப் பாருங்கள். கையால், காலால் செய்தது, உடம்பால் வந்தது, தொழிலால் வந்தது, காதால், கண்ணால் வந்தது, மனசால் வந்தது. தெரிந்தோ தெரியாமலோ, இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள், கருணைக் கடலே, மகாதேவா, சம்போ. இவ்வளவுதான் ஸ்லோகம். மாலினி என்ற விருத்தம், அடிக்குப் பதினைந்து எழுத்து. குறில்கள் கடகடவென்று ஓடி, நெடிலில் போய் நிற்கும். சொல்லிப் பார்த்தால் ஓடிவந்து காலில் விழுகிற மாதிரி இருக்கும்.

நான் வருகிறவர்களிடம் செய்யச் சொல்வது இதுதான். 'கர' என்னும்போது இன்றைக்கு இந்தக் கை என்ன செய்தது என்று ஒரு நொடி நினையுங்கள். 'ச்ரவண' என்னும்போது இன்றைக்கு யாரைப் பற்றிய வம்பை ஆசையாகக் கேட்டோம் என்று நினையுங்கள். ஸ்லோகம் மெதுவாகிவிடும். ஆகட்டும்.

ஸம்ஸ்கிருதம் வாய்ல வரமாட்டேங்குது. தமிழ்லயே சொல்லலாமா?

தாராளமாக. தமிழில் இதற்குக் குறையே இல்லை. பட்டினத்தார் காஞ்சி ஏகம்பத்தில் பாடியதைச் சொல்லுங்கள்:

கல்லாப் பிழையும் கருதாப் பிழையும் கசிந்துருகி
நில்லாப் பிழையும் நினையாப் பிழையும் நின்னஞ்செழுத்தைச்
சொல்லாப் பிழையும் துதியாப் பிழையும் தொழாப் பிழையும்
எல்லாப் பிழையும் பொறுத்தருள்வாய் கச்சி ஏகம்பனே.

இதையும் 'கரசரண'த்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 'கரசரணம்' செய்த பிழைகளை அடுக்குகிறது. பட்டினத்தார் அடுக்குவது அத்தனையும் செய்யாத பிழைகள். கற்காதது, கருதாதது, உருகி நிற்காதது, சொல்லாதது, தொழாதது. 'நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையே' என்று நிம்மதியாக இருப்பவர்களைக் கூட இந்தப் பாட்டு விடாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒரு நாள் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

கந்த சஷ்டி கவசம் தினமும் சொல்கிறவர்கள் தனியாக எதையும் தேட வேண்டாம். 'எத்தனை குறைகள் எத்தனை பிழைகள்' என்று தொடங்கி 'பொறுப்பது உன் கடன்' என்று உரிமையோடு கேட்கிற இடம் அதிலேயே இருக்கிறது. மலைக்கு மாலை போட்டவர்கள் சரணம் சொல்லி முடிக்கும்போது 'அறிந்தும் அறியாமலும் தெரிந்தும் தெரியாமலும் செய்த சகல குற்றங்களையும் பொறுத்து' என்று சொல்கிறார்களே, அதுவும் இதுதான். ஒன்றுமே வராது என்றால், 'இன்னிக்கு இன்னது பண்ணிட்டேன், பொறுத்துக்கோ சாமி' என்பது போதும்.

தப்பா உச்சரிச்சா பாவம்னு யூடியூப்ல சொல்றாங்களே, நிஜமா?

வேத மந்திரங்களுக்கு ஸ்வரமும் அக்ஷரமும் பிசகக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அதை குருமுகமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஸ்லோகங்கள் அந்த வகை இல்லை. தப்பு வரும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை இவை. விஷ்ணு ஸஹஸ்ரநாமம் முடிந்ததும் சொல்கிறோமே: 'யதக்ஷர பதப்ரஷ்டம் மாத்ராஹீனம் து யத்பவேத்'. எழுத்து நழுவியிருந்தால், மாத்திரை குறைந்திருந்தால், அதைப் பொறுத்துக்கொள் என்று பொருள். அடுத்த ஸ்லோகம் விஸர்க்கம், பிந்து என்று எழுத்தோடு வருகிற புள்ளிகள் வரைக்கும் கணக்குச் சொல்லிக் கேட்கிறது. குறைந்ததற்கு மட்டும் இல்லை, கூடிப்போனதற்கும்.

ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளாமலே இருந்துவிடக் கூடாது. தமிழ் எழுத்தில் ஒரே 'த' நாலு ஓசைக்கு நிற்கிறது, ஒரே 'க' நாலு ஓசைக்கு நிற்கிறது. புத்தகத்தை மட்டும் பார்த்துப் படித்தால் 'அபராத'த்தில் வரும் 'த'வை 'அதனால்' என்பதில் வருகிற மாதிரி மெல்லச் சொல்லிவிடுவோம். அதை அழுத்தி, மூச்சோடு சொல்ல வேண்டும். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்து கேளுங்கள், வந்துவிடும்.

என் புத்தகத்துல 'விஹிதம் அவிஹிதம் வா'ன்னு இருக்கு. நீங்க 'விதிதம் அவிதிதம்'னு சொல்றீங்க. எது சரி?

இரண்டு பாடமும் இருக்கின்றன. விதிதம் என்றால் தெரிந்தது. அப்போது 'அறிந்தும் அறியாமலும்' என்று பொருள் வரும். விஹிதம் என்றால் சாஸ்திரத்தில் விதிக்கப்பட்டது; செய்யச் சொன்னதைச் செய்ததில் வந்த பிழையும், செய்யக் கூடாததைச் செய்ததும் என்று பொருள் போகும். நான் 'விதிதம்' சொல்வதற்கு ஒரே காரணம், என் பாட்டி அப்படிச் சொன்னாள். உங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே சொல்லுங்கள். கூட்டத்தில் இரண்டும் ஒன்றாகக் கேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எத்தனை தடவை சொல்லணும்? 11? 108?

பூஜை முடிவில் ஒரு தரம். எண்ணிக்கை எதுவும் விதிக்கப்படவில்லை. 108 தடவை ஓட்டுவதைவிட, அர்த்தத்தைப் பற்றிய கேள்வியில் சொன்ன மாதிரி ஒரு தரம் நின்று நிதானமாகச் சொல்வது நல்லது.

எண்ணிக்கையோடு சொல்கிற பொறுத்தல் மந்திரம் ஒன்று உண்டு. யஜுர் வேதக்காரர்கள் ஆவணி அவிட்டத்தன்று 'காமோகார்ஷீத் மன்யுரகார்ஷீத்' என்று 108 அல்லது 1008 ஜபிப்பார்கள். ஆசை செய்தது, கோபம் செய்தது என்று பொருள். அது வருஷத்துக்கு ஒரு தரம், அதற்கென்று ஸங்கல்பம் செய்துகொண்டு செய்வது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தோப்புக்கரணமும் கன்னத்துல போட்டுக்கறதும் இதோட சேர்ந்ததா?

சேர்ந்ததுதான். தோப்புக்கரணம் என்பதே 'தோர்பி: கர்ணம்' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், கைகளால் காதைப் பிடிப்பது. வாயால் கேட்டதை உடம்பாலும் கேட்பது. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் காதைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தால் போதும்.

விலக்கான நாள்ல, தீட்டு சமயத்துல சொல்லலாமா?

பூஜை அறைக்குள் போவது, விக்கிரகத்தைத் தொடுவது எல்லாம் அவரவர் வீட்டு வழக்கம். அதில் நான் தலையிடுவதில்லை. மனசுக்குள் சொல்வதற்கு எந்த நாளும் தடை இல்லை. 'மந்த்ரஹீனம் க்ரியாஹீனம்', மந்திரமும் சரியில்லை, கிரியையும் சரியில்லை என்று தானே சொல்கிற ஸ்லோகத்துக்கு, மடி என்கிற ஆசாரச் சுத்தம் இல்லை என்று ஒரு தடை வைப்பது எனக்குப் பொருத்தமாகவே படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், பஸ்ஸில், அடுப்படியில் எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மொபைல்ல ஓடவிட்டுட்டு வேலையைப் பாத்தா ஆகாதா?

கேட்பது நல்லதுதான், காது பழகும். ஆனால் கேட்க வேண்டியவர் நாம். நமக்காக இன்னொருவர் குரல் பொறுத்துக்கொள் என்று கேட்டால் அது அவர் கேட்டதாகத்தான் ஆகும். கடைசி இரண்டு வரியையாவது கூடச் சேர்ந்து சொல்லிவிடுங்கள்.

ஆதிசங்கரர் பாடினதுதானா இதெல்லாம்?

சிவாபராத க்ஷமாபணமும் தேவி அபராத க்ஷமாபணமும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. சிவாபராத க்ஷமாபணம் கர்ப்பத்தில் இருந்தபோது, குழந்தையாக இருந்தபோது, வாலிபத்தில், முதுமையில் என்று வயது வயதாக எடுத்துக்கொண்டு, அந்த ஸ்லோகங்களின் முடிவில் 'க்ஷந்தவ்யோ மேபராத:', என் குற்றத்தைப் பொறுக்க வேண்டும், என்று வந்து நிற்கும். பாலுக்கு அழுதேன், உன்னை நினைக்கவில்லை. வாலிபத்தில் புலன்கள் கடித்தன, உன்னை நினைக்கவில்லை. இப்படியே போகும்.

தேவி ஸ்தோத்திரத்தில் மட்டும் ஒரு இடம் இடிக்கும். 'மயா பஞ்சாசீதேரதிகமபனீதே து வயஸி' என்று வருகிறது. எண்பத்தைந்து வயதுக்கு மேல் கழித்துவிட்டேன், இனியும் நீ கருணை காட்டாவிட்டால் யாரைச் சரணடைவேன் என்று கேட்கிறார். சங்கரர் 32 வயதுதான் வாழ்ந்தார் என்பது மரபு. அதனால் பின்னால் வந்த வேறொருவர் பாடியிருக்கலாம் என்று சொல்வதுண்டு; வயதானவர்கள் வாயில் வைத்துப் பாடியது என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு எண்பது தாண்டிய ஒரு பாட்டி வருகிறார். அந்த வரி வரும்போது அவர் குரல் தனியாகக் கேட்கும். யார் பாடியதாக இருந்தால் என்ன, அது அவருடைய வரி என்று எனக்குத் தோன்றும்.

'அபராத ஸஹஸ்ராணி'ன்னு ஆயிரக்கணக்குல குற்றம் பண்ணேன்னு ஏன் சொல்லணும்? நான் அவ்வளவு கெட்டவளா?

இதைக் கேட்டவர் கண் கலங்கிக் கேட்டார். வீட்டில் எது நடந்தாலும் தன் தப்புதான் என்று நினைத்து நினைத்து நொந்துபோனவர். அவரைப் போன்றவர்களுக்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அந்த ஸ்லோகத்தின் இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. 'தாஸோயமிதி மாம் மத்வா க்ஷமஸ்வ புருஷோத்தம'. இவன் என்னுடைய ஆள் என்று நினைத்துப் பொறுத்துக்கொள். நான் கெட்டவள் என்று அழுது காட்டுகிற ஸ்லோகம் இல்லை இது. நான் உன்னுடையவள் என்று உரிமை சொல்கிற ஸ்லோகம். ராத்திரி பகலாக ஆயிரம் குற்றம் என்றால் கொலையும் களவும் இல்லை. கவனக்குறைவு, சிடுசிடுப்பு, சொல்லாமல் விட்ட நல்ல வார்த்தை, எறும்பை மிதித்தது, எல்லாம் சேர்ந்து எந்த மனுஷருக்கும் அந்தக் கணக்கு வரும். 'மஹா பாவி' என்று யாரையும் ஒதுக்கிவைக்கிற கணக்கு இல்லை, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற கணக்கு.

தேவி ஸ்தோத்திரத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: 'குபுத்ரோ ஜாயேத க்வசிதபி குமாதா ந பவதி'. கெட்ட பிள்ளை எங்காவது பிறக்கலாம், கெட்ட தாய் என்று ஒருத்தி இருக்கவே மாட்டாள். அம்பாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். ஸ்லோகம் சொன்ன பிறகும் மனசு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, தூக்கமும் சாப்பாடும் போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் அவள் கொடுத்ததுதான்.

பகல் எல்லாம் பண்றதைப் பண்ணிட்டு, சாயங்காலம் ரெண்டு வரி சொன்னா போயிடுமா? அப்படின்னா நல்லவனா இருக்கறவன் முட்டாளா?

கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். அவர் கடையில் கணக்கில் கைவைத்த ஒருவர் பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு கோயிலில் முன்வரிசையில் நிற்கிறாராம்.

இதற்குப் பதில் சுந்தரர் கதையில் இருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்யும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீ அங்கே இல்லாமல் மகிழ மரத்தடியில் போய் இரு என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவன் சங்கிலியாரிடம் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். அவளும் அப்படியே வாங்கினாள். பிறகு சுந்தரர் வசந்த விழாவுக்குத் திருவாரூர் போக ஆசைப்பட்டு, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று.

யாருக்கு? தோழன் என்று தூது போன கடவுளுக்கே நெருக்கமானவருக்கு. திருவெண்பாக்கத்தில் நின்று 'பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்' என்று பாடுகிறார். பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே பிழை செய்தேன் என்கிறார். உங்கள் கடையில் கைவைத்தவர் நினைப்பதும் அதேதான். அந்த வாதம் எடுபடவில்லை. கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டதற்கு 'உளோம் போகீர்' என்று பதில் வந்தது. இருக்கிறோம், நீங்கள் போங்கள் என்று யாரோ வேற்று மனுஷரிடம் பேசுகிற மாதிரி. கண் கிடைக்கவில்லை, ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. பூண்டியில் இருக்கும் ஊன்றீஸ்வரர் கோயில் அந்தத் தலம்தான். நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய், இப்போதுள்ள இடத்தில் மாற்றிக் கட்டினார்கள்.

கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். காஞ்சியில் இடக்கண் வந்தது. எங்கள் ஊருக்கு அடுத்த குத்தாலத்தில், அதாவது திருத்துருத்தியில், உடம்பில் வந்த பிணி தீர்ந்தது. திருவாரூர் போய்ச் சேர்ந்தபிறகு வலக்கண். ஒற்றியூரிலிருந்து ஆரூர் வரைக்கும் ஒவ்வொரு ஊராக நின்று பாடிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பிரார்த்தனை கேட்கப்பட்டது, ஆனால் நடக்க வேண்டிய தூரத்தை நடந்தார். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அந்த நடை. அதைச் செய்யாமல் ஸ்லோகம் மட்டும் சொன்னால் ஒற்றியூர் எல்லையிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

அப்போ ஸ்லோகத்தால என்ன பிரயோஜனம்? பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலே போதுமே?

கொடுக்கலாம், ஆனால் கொடுக்க மனசு வர வேண்டும். தினமும் ஒரு தரம் 'கையால் செய்தது' என்று வாய்விட்டுச் சொல்கிறவருக்கு, அந்தக் கையை மறந்துவிட்டு இருப்பது கஷ்டமாகிவிடும். சந்தியாவந்தனத்தில் காலையில் ராத்திரி செய்த பாவத்தையும், சாயங்காலம் பகலில் செய்த பாவத்தையும் மனசால், வாக்கால், கையால், காலால், வயிற்றால் என்று சொல்லித் தண்ணீரை உட்கொள்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கணக்கைத் தள்ளிப்போட விடாத ஏற்பாடு.

அது தவிர, திருப்பிக் கொடுக்க முடியாதவையும் இருக்கின்றன. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

நான் யாருக்குத் தப்பு பண்ணேனோ அவர் இப்போ உயிரோட இல்ல. யார்கிட்ட கேக்கறது?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுப் பங்கில் என் அண்ணாவோடு மனஸ்தாபம். அவர் பெண் கல்யாணத்துக்கு அவரும் மன்னியும் நேரில் வந்து, வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்டேன், கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் அண்ணா போய்விட்டார்.

தினமும் 'கரசரணம்' சொல்கிறவள்தான் நான். 'சரண' என்ற இடத்தில், அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போகாத கால் ஞாபகம் வந்து மேலே சொல்ல முடியாமல் நின்றுவிடும். பல மாசம் அப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் பஸ் ஏறி மன்னியிடம் போய், 'நான் வராதது தப்பு மன்னி' என்று சொன்னேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காபி கலந்து கொடுத்தாள். அண்ணாவுக்குப் பிடித்த டவரா டம்ளரில் கொடுத்தாள். அதற்கப்புறம் அண்ணா திதிக்கு ஒவ்வொரு வருஷமும் போய் அடுப்படியில் நிற்கிறேன்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: அவர் இல்லை, ஆனால் அவருடையவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களுக்குச் செய்ய எதாவது இருக்கும். அதைச் செய்துகொண்டு, மீதியை ஸ்வாமியிடம் சொல்லுங்கள். 'பரிபூர்ணம் ததஸ்து தே' என்று 'மந்த்ரஹீன'த்தில் கேட்கிறோமே, என்னால் முழுசாக்க முடியாததை நீ முழுசாக்கிக்கொள் என்று, அது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான்.

எனக்குக் கெடுதல் பண்ணினவங்களை நானும் மன்னிச்சாதான் இது பலிக்குமா?

அப்படி ஒரு நிபந்தனை இந்த ஸ்லோகங்களில் எங்கேயும் இல்லை. அடித்த புருஷனை, ஏமாற்றிய பங்காளியை மன்னித்துவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கணக்கை நீங்கள் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அவர்கள் கணக்கை அவர்கள் சொல்லட்டும். போலீஸுக்குப் போக வேண்டிய விஷயமாக இருந்தால் போங்கள். பிரார்த்தனை அதைத் தடுக்காது.

கடவுள்கிட்ட பயந்து பயந்து கேக்கணுமா, உரிமையா கேக்கலாமா?

கீதை பதினோராம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்பதைப் பாருங்கள். விசுவரூபத்தைப் பார்த்து நடுங்கிப்போனவன், உடனே ஞாபகம் வந்து சொல்கிறான்: உன்னை டேய் கிருஷ்ணா, டேய் யாதவா என்று கூப்பிட்டிருக்கிறேனே, விளையாடும்போதும் படுத்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் கேலி செய்திருக்கிறேனே. அப்புறம் எப்படிப் பொறுத்துக்கொள் என்கிறான்? பிள்ளையை அப்பா பொறுக்கிற மாதிரி, தோழனைத் தோழன் பொறுக்கிற மாதிரி, பிரியமானவரைப் பிரியமானவர் பொறுக்கிற மாதிரி. பயத்தில் தொடங்கி உறவில் போய் நிற்கிறான். பட்டினத்தார், கவசம், 'குமாதா ந பவதி' எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

கோயில்ல பட்டர்கள், குருக்கள்கள் தப்பே பண்ண மாட்டாங்கதானே? அவங்களும் இதைச் சொல்வாங்களா?

சொல்வார்கள். பெருமாள் கோயில்களில் இதற்கென்றே ஒரு உற்சவம் இருக்கிறது. பவித்ரோத்ஸவம். வருஷம் முழுவதும் நித்திய பூஜையிலும் உற்சவங்களிலும் தெரியாமல் வந்த குறைகளுக்குப் பரிகாரமாக, பட்டு நூலால் ஆன பவித்ர மாலைகளைப் பெருமாளுக்குச் சாற்றி ஹோமம் செய்வார்கள். திருமலையில் மூன்று நாள் நடக்கும். கோயிலே வருஷம் ஒரு தரம் பொறுத்துக்கொள் என்று கேட்கும்போது, நம் வீட்டு நைவேத்தியத்தில் உப்பு மறந்துபோனதற்கு இவ்வளவு கலங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு எப்படி ஆரம்பிக்கறது? 'பாவம்'னு சொல்லி பயமுறுத்த மனசு வரலை.

பாவம் என்ற வார்த்தையே வேண்டாம். பூமியிலிருந்து ஆரம்பியுங்கள். காலையில் படுக்கையிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கு முன் சொல்கிற ஸ்லோகம்: 'ஸமுத்ரவஸனே தேவி பர்வதஸ்தன மண்டலே, விஷ்ணுபத்னி நமஸ்துப்யம் பாதஸ்பர்சம் க்ஷமஸ்வ மே'. கடலை உடுத்தியவளே, உன்மேல் கால் வைக்கப்போகிறேன், பொறுத்துக்கோ. நாட்டியம் கற்கும் குழந்தைகள் ஆடுவதற்கு முன்னும் பின்னும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் இதே எண்ணம்தான்.

என் பேத்திக்கு நாலு வயது. ஸ்லோகம் முழுசாக வராது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்து தரையை ஒரு விரலால் தொட்டு, 'பூமி, நான் மிதிக்கப்போறேன், க்ஷமஸ்வ மே' என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறாள்.